பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு நடத்துவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

“யாராவது தப்பாத் தொட்டா என்ன செய்யணும்?” என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில் “கத்தணும்” என்பார்கள். அவர்களில் ஒரு பிள்ளையை எழுப்பி, “சரி, கத்திக் காட்டு” என்றால் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு நெளியும். பதில் தெரிவது வேறு, செய்ய வருவது வேறு. பள்ளிகளில் நடக்கும் பெரும்பாலான விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் பதிலோடு நின்றுவிடுகின்றன: ஒரு மணி நேர உரை, திரையில் ஒரு படம், கடைசியில் உறுதிமொழி. இங்கே சொல்லப்போவது செய்ய வைக்கும் முறை. ஆசிரியர், குடியிருப்போர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு என்று யாரும் தொடங்கலாம். கராத்தே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும், கொஞ்சம் நடிக்கக் கூச்சப்படாத குணமும் வேண்டும்.

முதலில் பெற்றோர், பிறகுதான் பிள்ளைகள்

பிள்ளைகளின் வகுப்புக்கு ஒரு வாரம் முன்னதாகப் பெற்றோருக்குத் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள். ஒரு மணி நேரம் போதும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே பிள்ளைகளிடம் போனால் என்ன நடக்கும் என்றால், வகுப்பில் “பிடிக்காத முத்தத்துக்கு வேண்டாம்னு சொல்லலாம்” என்று கற்றுக்கொண்ட பிள்ளை அன்று மாலையே பெரியப்பாவிடம் அதைச் சொல்லும். அம்மா முதுகில் ஒன்று வைத்து, “மரியாதை தெரியாதா?” என்பார். உங்கள் வகுப்பு அந்த ஒரு அடியில் அழிந்துபோகும்.

கூட்டத்தில் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். முதலாவது, ஆபத்து பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்தே வருகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்மீதுதான்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், பாடம் சொல்லித் தருபவர். ‘பூச்சாண்டி’, ‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்று பயமுறுத்தி வளர்ப்பது இவர்களில் யாரையும் தடுக்காது. இரண்டாவது, ஆண் பிள்ளைகளுக்கும் இதே வகுப்பு உண்டு. “பையனுக்கு எதுக்கு?” என்று கேட்கும் அப்பா எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். பையன்களுக்கும் இது நடக்கிறது. போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் பாலின வேறுபாடு இல்லாமல் காப்பது அதனால்தான். மூன்றாவது, பிள்ளை எதையாவது வந்து சொன்னால் அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது. அது கட்டுரையின் பின்பகுதியில் வருகிறது. அந்தப் பகுதியைப் படியெடுத்துப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள்.

எழுத்துவழி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தச் சொற்களைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். ‘ஷேம் ஷேம்’ என்று பழகிய வீட்டில் பிள்ளை திடீரென்று ‘ஆண்குறி’ என்றால் பெற்றோர் அதிர்ந்துபோவார்கள். உறுப்புகளின் சரியான பெயர் ஏன் வேண்டும் என்றால், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு செல்லப் பெயர் இருக்கிறது. “அந்தத் தாத்தா என் பாப்பாவைத் தொட்டார்” என்று பிள்ளை சொன்னால் டீச்சர் பொம்மையைப் பற்றி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

அளவும் இடமும்

ஒரு குழுவில் 12 முதல் 15 பிள்ளைகள். பெரியவர்கள் இருவர், அவர்களில் ஒருவர் பெண். ஒருவர் நடத்த, மற்றவர் பிள்ளைகளின் முகத்தைக் கவனிக்க வேண்டும். 60 பேரை மைதானத்தில் உட்காரவைத்து ஒலிபெருக்கியில் நடத்தினால் அது பயிற்சி ஆகாது, கூட்டம்தான்.

5 முதல் 7 வயதுக்கு அரை மணி நேரம். 8 முதல் 12 வரை முக்கால் மணி நேரம். 13-க்கு மேல் ஒன்றரை மணி நேரம் வரை தாங்கும். பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரம், நடுவில் தேநீர் இடைவேளையோடு. ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். வாரம் ஒன்றாக நான்கு வகுப்பு என்பது நல்ல கணக்கு.

பொருள்கள்: இரண்டு பெரிய தலையணை அல்லது பழைய சோபா குஷன், சுண்ணாம்புக்கட்டி, வேலை செய்யாத பழைய கைப்பேசி ஒன்று, ஒரு துண்டு. துண்டு எதற்கு என்றால், நடிக்கும்போது அதைத் தோளில் போட்டுக்கொள்வீர்கள். “துண்டு போட்டிருந்தா நான் வேற ஆளா நடிக்கிறேன். எடுத்துட்டா நான் உங்க அக்கா” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நடிப்பும் நிஜமும் கலந்துபோகும். அழ ஆரம்பிக்கும் பிள்ளைக்கு முன்னால் துண்டை எடுத்துக் கீழே வைத்தால் உடனே தெளியும்.

நடிப்பில் சில எல்லைகளை மீறவே கூடாது. தோள், கை, தலைமுடி தவிர வேறெங்கும் கை வைத்து நடிக்கக் கூடாது. கடத்தல், வன்கொடுமை போன்ற காட்சிகளை நடிக்கக் கூடாது. பிள்ளைக்குத் தெரியாமல் ஆள் அனுப்பி, “சாக்லேட் தர்றேன் வா” என்று கூப்பிட்டு, போகிறதா என்று பார்க்கும் ‘சோதனை’ வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. அதைச் செய்யவே வேண்டாம். ஏமாந்த பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது ‘நான் முட்டாள்’ என்பது மட்டும்தான்.

முதல் வகுப்பு: குரலும் தூரமும்

குரலில் தொடங்குங்கள். பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, கையை வயிற்றில் வைத்து மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். வயிறு வெளியே தள்ள வேண்டும், தோள் ஏறக் கூடாது. மூச்சை விடும்போது “வேண்டாம்!” என்று ஒரே சொல். தொண்டையிலிருந்து வரும் கீச்சுக் குரல் விளையாட்டுக் கூச்சல்போலக் கேட்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வயிற்றிலிருந்து வரும் குரல் கனமாக இருக்கும், தூரம் போகும்.

முதல் இரண்டு முறை எல்லோரும் சிரிப்பார்கள். அதட்டாதீர்கள், சிரிப்பு கூச்சத்தின் வடிகால். ஆனால் சிரித்துக்கொண்டே “வேண்டாம்” என்றால் எதிராளிக்கு அது விளையாட்டாகத் தெரியும் என்று செய்து காட்டுங்கள். நீங்களே ஒரு முறை சிரித்து நெளிந்தபடி “வேண்டாம் வேண்டாம்” என்று சொல்லுங்கள், பிறகு நேராக நின்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

அடுத்தது தூரம். சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. பிள்ளை கோட்டில் நிற்கட்டும், நீங்கள் நாலைந்து மீட்டர் தள்ளியிருந்து மெதுவாக நடந்து வாருங்கள். பிள்ளைக்கு எப்போது சங்கடமாகத் தோன்றுகிறதோ அப்போது இரண்டு உள்ளங்கையையும் மார்பு உயரத்தில் முன்னே காட்டி “நில்லுங்க!” என்று சொல்ல வேண்டும். சொன்ன நொடியில் நின்றுவிடுங்கள். இது முக்கியம்: பிள்ளையின் சொல்லுக்கு ஒரு பெரியவர் கட்டுப்பட்டு நிற்பதை அது பார்க்க வேண்டும். மூன்று முறை சரியாக வந்த பிறகுதான், ஒரு முறை “நில்லுங்க” என்ற பிறகும் ஓரடி எடுத்து வைத்து, பிள்ளை பின்வாங்கி இன்னும் உரக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். கடினத்தை எப்போதும் ஒரு படியாகத்தான் கூட்ட வேண்டும். தோற்கும் அளவுக்குக் கூட்டினால் உடம்பு தோல்வியைத்தான் பழகும்.

இதற்கு மேல் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆள் மாமாவாகவோ தாத்தாவாகவோ சாராகவோ இருப்பார். முகம் தெரியாதவனிடம் “தொடாதே” என்று கத்தக் கற்ற பிள்ளையால் மாமாவிடம் அப்படிச் சொல்ல வராது. அதனால் மரியாதை குறையாமல் மறுக்கும் வாக்கியங்களைத் தனியாகப் பழக்குங்கள். “மாமா, எனக்கு முத்தம் வேண்டாம். ஹைஃபை குடுக்கறேன்.” “தாத்தா, மடியில உக்காரல, இங்கயே உக்காந்துக்கறேன்.” “சார், தோள்ல கை போடாதீங்க, எனக்குப் பிடிக்கல.” ‘ங்க’ போட்டும் உறுதியாகப் பேச முடியும் என்று பிள்ளைக்குத் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். எதிரில் நடிப்பவர், “ஏன் கண்ணு, மாமா மேல பாசம் இல்லையா?” என்று கேட்கட்டும். அதற்கும் பிள்ளையிடம் பதில் இருக்க வேண்டும்: “பாசம் இருக்கு. முத்தம் வேண்டாம்.” இந்த ஓர் உரையாடலைப் பத்து முறையாவது செய்ய வையுங்கள்.

இரண்டாம் வகுப்பு: உடம்பின் விதிகள்

‘குட் டச், பேட் டச்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் ஒரு கோளாறு உண்டு. ஊசி போடுவது வலிக்கும், அது கெட்டதா? கிச்சுகிச்சு மூட்டுவது சிரிப்பைத் தரும், அது நல்லதா? தவறு செய்பவர் பெரும்பாலும் வலிக்காமல், விளையாட்டாக, பரிசோடுதான் ஆரம்பிப்பார். உணர்ச்சியை வைத்துத் தீர்மானிக்கச் சொன்னால் பிள்ளை குழம்பும். விதியை வைத்துச் சொல்லுங்கள்.

விதி இப்படி: உள்ளாடை மூடும் இடங்களை யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தங்களுடையதைத் தொடவோ பார்க்கவோ சொல்லவும் கூடாது. வாய்க்கும் இதே விதி. விதிவிலக்கு இரண்டுதான்: சுத்தமாக வைத்துக்கொள்ளச் சின்னப் பிள்ளைக்கு உதவும்போது, மருத்துவர் பார்க்கும்போது. மருத்துவர் பார்க்கும்போது அம்மாவோ அப்பாவோ நம்பிக்கையான பெரியவரோ உடன் இருக்க வேண்டும். இந்த இரண்டிலும்கூட அது ஒருபோதும் ரகசியம் ஆகக் கூடாது.

ரகசியம் என்ற சொல்லை அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். அப்பா பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டையை ஒளித்து வைப்பது ஆச்சரியம். இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். “யார்கிட்டயும் சொல்லாதே” என்று சொல்லப்பட்ட தொடுதல், பரிசு, போட்டோ, விளையாட்டு இந்த நான்கும் எப்போதும் வீட்டில் சொல்ல வேண்டியவை. “சொன்னா அம்மாவைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போகும்” என்று மிரட்டினாலும் சொல்ல வேண்டும். மிரட்டலுக்குப் பயந்து சத்தியம் செய்துவிட்டாலும் அதை மீறலாம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் சத்தியத்துக்கு நாம் நினைப்பதைவிடக் கட்டுப்பட்டவர்கள்.

குளிக்க, உடுத்த, கழிப்பறை போக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு விதியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். உதவுபவர் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்: “இப்ப முதுகு தேய்க்கப் போறேன், சரியா?” பிள்ளை தலையசைத்த பிறகே தொட வேண்டும். இப்படிப் பழகிய பிள்ளைக்குச் சொல்லாமல் தொடும் கை உடனே வித்தியாசமாகத் தெரியும். பேச்சு வராத பிள்ளைகளுக்கு ‘வேண்டாம்’, ‘உதவி’, ‘வலி’ என்று மூன்று பட அட்டைகள் கழுத்துப் பட்டையில் தொங்கட்டும்.

மூன்றாம் வகுப்பு: வந்து சொல்வது

நான்கு வகுப்பில் ஒன்றைத்தான் நடத்த முடியும் என்றால் இதை நடத்துங்கள். “அம்மாகிட்ட சொல்லணும்” என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா அப்போது குக்கரை இறக்கிக்கொண்டிருப்பார், போனில் பேசிக்கொண்டிருப்பார், தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்று புடவை நுனியைத் திருகும். “என்னடி, அப்புறம் வா” என்பார் அம்மா. பிள்ளை போய்விடும். திரும்பச் சொல்ல மாதங்கள் ஆகலாம்.

ஆகவே, வேலையாக இருக்கும் பெரியவரிடம் சொல்லப் பழக்குங்கள். நீங்கள் பழைய கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சொல்ல வேண்டிய செய்தி லேசானதாக இருக்கட்டும்: “வேன்ல ஒரு அண்ணா என் முடியைப் பிடிச்சு இழுக்கறாங்க.” முதல் தடவை, “இரும்மா, பேசிட்டு இருக்கேன்ல.” பிள்ளை போகாமல், உங்கள் கையைத் தொட்டு, “இது முக்கியமானது, இப்பவே சொல்லணும்” என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை நீங்கள், “அவன் விளையாட்டுக்குச் செஞ்சிருப்பான்” என்று தள்ளிவிடுங்கள். பிள்ளை, “எனக்குப் பயமா இருக்கு. எனக்கு உதவி வேணும்” என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை போனை வைத்துவிட்டு, பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, “சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல. நான் பாத்துக்கறேன்” என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் இந்தக் கடைசி மூன்று வாக்கியங்களை ஒரு பெரியவர் வாயிலிருந்து நேரடியாகக் கேட்டுவிட்டுத்தான் வகுப்பை விட்டுப் போக வேண்டும். நேரம் பிடிக்கும். 15 பேருக்கு மேல் ஏன் வேண்டாம் என்பது இப்போது புரியும்.

பிறகு ஒரு தாளில் கையை வைத்து வரையச் சொல்லி, விரலுக்கு ஒருவராக, தான் நம்பும் ஐந்து பெரியவர்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். குறைந்தது இருவர் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்: டீச்சர், எதிர்வீட்டு ஆன்ட்டி, பாட்டி ஊரில் இருக்கும் சித்தி. வீட்டுக்குள்ளேயே சிக்கல் என்றால் வீட்டாரின் பட்டியல் பயன்படாது. முதலாமவர் நம்பவில்லையென்றால் இரண்டாமவர், அப்படியே ஐந்து பேர் வரை. உள்ளங்கையில் 1098 என்று எழுதட்டும். அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் கிடைக்கும். இலங்கையில் இதற்கு 1929. ஐந்து பெயரை எழுத முடியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை உடன் இருக்கும் பெரியவர் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தனியாக, இயல்பாகப் பேசிப் பார்க்கலாம்.

நான்காம் வகுப்பு: தொலைந்துபோனால், யாராவது அழைத்துப்போக வந்தால்

‘தெரியாதவங்ககிட்டப் பேசாதே’ என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை திருவிழாவில் தொலைந்தால் யாரிடமும் உதவி கேட்காது. யாரிடம் கேட்பது என்று சொல்லிக் கொடுங்கள்: காக்கிச் சீருடை போலீஸ், கடையில் கல்லாவில் இருப்பவர், குழந்தையோடு இருக்கும் பெண். பிள்ளையைத் தேடி வருகிறவரைக் காட்டிலும், பிள்ளை தானே தேர்ந்தெடுத்துக் கேட்கும் ஆள் பாதுகாப்பானவராக இருக்க வாய்ப்பு அதிகம். தொலைந்ததாகத் தெரிந்ததும் அலையாமல் அங்கேயே நிற்க வேண்டும், பெற்றோரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூட்டத்தில் “அம்மா” என்றால் நூறு பேர் திரும்புவார்கள், பெயரைச் சொன்னால் ஒருவர்தான் திரும்புவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவில்லை என்று முன்கூட்டியே பெற்றோர் வாயால் சொல்லவையுங்கள்.

கைப்பேசி எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து ராகம் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தால் ஐந்து வயதில் வந்துவிடும். பாடத் தெரிந்த பிள்ளைக்கு அழுத்தத் தெரியாமல் இருக்கும், ஆகவே பழைய போனில் அழுத்திப் பழகட்டும். அதுவரை, காணும் பொங்கலன்று மெரினாவில் காவல்துறையினர் பிள்ளைகள் கையில் கட்டிவிடும் பட்டைபோல, எண் எழுதிய ஒரு பட்டை போதும். பிள்ளையின் பெயரைப் பையின் வெளிப்பக்கம் எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைப் பிள்ளை தெரிந்தவர் என்று நினைத்துக்கொள்ளும்.

“அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க” என்று யாராவது வந்தால் கேட்பதற்கு ஒரு குடும்பச் சொல் வைத்துக்கொள்ளலாம். ‘முருங்கைக்கீரை’ மாதிரி பேச்சில் தானாக வராத, பிள்ளைக்குச் சிரிப்பூட்டும் சொல்லாக இருக்கட்டும். ஒரு முறை பயன்படுத்தியதும் மாற்றிவிட வேண்டும். இது எங்கே உடைகிறது என்றால், பெற்றோரிடம்தான். அவசரத்தில் தம்பியை அனுப்பிவிட்டு, சொல்லைச் சொல்ல மறந்துவிடுவார்கள். பிள்ளை வர மறுத்தால் திட்டுவார்கள். மறுத்த பிள்ளையைப் பாராட்டத் தெரியாத வீட்டில் இந்த ஏற்பாடே வேண்டாம்.

பதின்பருவத்தினர்

இவர்கள் முதல் பத்து நிமிடம் உங்களை நம்பவே மாட்டார்கள். கேள்விகளைப் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். அதில்தான் உண்மையான விஷயங்கள் வரும். பெரும்பாலும் போனைப் பற்றி.

அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் வரிசை இதுதான்: பணம் கொடுக்காதே, இன்னொரு படம் அனுப்பாதே, எதையும் அழிக்காதே. முதலில் உரையாடல், கணக்கின் பெயர், இணைப்பு எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடு. பிறகு தடை செய். பிறகு ஐந்து பேரில் ஒருவரிடம் சொல். பயந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு, சான்றும் அதோடு போய்விடும். புகாரைத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியலாம். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. அதில் படத்தைப் பதிவேற்ற வேண்டியதில்லை. படத்திலிருந்து ஓர் எண் அடையாளம் மட்டும் உருவாகிச் சேவையில் இணைந்த தளங்களுக்குப் போகும். “யார் உன்னைப் படம் அனுப்பச் சொன்னது?” என்ற கேள்வியை மட்டும் எந்தப் பெரியவரும் கேட்கக் கூடாது. மிரட்டுகிறவன் நம்பியிருப்பதே அந்தக் கேள்விக்கான பயத்தைத்தான்.

பெரியவர்களுக்கு

பேருந்திலிருந்து தொடங்கலாம், எல்லோருக்கும் கை தூக்க ஏதாவது இருக்கும். உரசுகிறவரைத் திட்டினால் சுற்றியிருப்பவர்களுக்கு அது ஏதோ சண்டை. செயலைச் சொல்லி, ஆளைச் சுட்டி, கட்டளை போட வேண்டும்: “பச்சைச் சட்டைக்காரரே, இடுப்புல இருந்து கையை எடுங்க. தள்ளி நில்லுங்க.” மூன்று துண்டு, நிறுத்தி நிறுத்தி. யார், என்ன செய்தார், என்ன செய்ய வேண்டும் என்று பேருந்து முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு ஒருவரைக் குறிப்பாகக் கூப்பிடுங்கள்: “கண்டக்டர், இவரை இறக்கி விடுங்க.” பொதுவாக “யாராவது கேளுங்களேன்” என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் செய்த திருத்தப்படி, இப்படி நடந்துகொள்ளும் பயணியை இறக்கிவிடவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ நடத்துநர் கடமைப்பட்டவர்.

நிற்கும் விதம்: ஒரு கால் அரையடி பின்னே, முழங்கால் லேசாகத் தளர்ந்து, உள்ளங்கைகள் திறந்து மார்பு உயரத்தில். பார்ப்பவருக்குச் சமாதானம் பேசுவதுபோல இருக்கும், உங்களுக்குத் தடுக்கவும் தள்ளவும் கை தயார். எதிராளிக்கும் உங்களுக்கும் இரண்டு கை நீளம் இடைவெளி.

மணிக்கட்டைப் பிடித்தால் எல்லோரும் செய்வது பின்னால் இழுப்பது. அது வலு உள்ளவன் ஜெயிக்கும் ஆட்டம். பிடியின் பலவீனம் கட்டை விரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி. பின்னால் போகாமல் எதிராளி பக்கம் ஓரடி வையுங்கள். உங்கள் கையின் குறுகலான ஓரம் அந்த இடைவெளிக்கு நேரே வரும்படி திருப்புங்கள். முழங்கையை மடக்கி அவர் முழங்கையை நோக்கித் தள்ளியபடி, உங்கள் கையைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். இழுக்கவே தேவையில்லாமல் பிடி நழுவும். வளையல், கடிகாரம் கழற்றிவிட்டு, பக்கத்துக்குப் பத்து முறை, முதலில் மெதுவாக. வேகம் பிறகு.

அடிக்கவேண்டி வந்தால் முஷ்டி வேண்டாம். பழக்கம் இல்லாதவர் கட்டை விரலை உள்ளே மடக்கி விரலைத்தான் முறித்துக்கொள்வார். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கை நோக்கி மேலே தள்ளுவது, குதிகாலால் பாதத்தை மிதிப்பது, முழங்காலால் தொடையிடுக்கில் இடிப்பது போதும். தலையணையில் பழகுங்கள், ஆளிடம் வேண்டாம். ஒவ்வொரு அடியோடும் குரலும் வர வேண்டும், இல்லாவிட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு பத்து நொடியில் களைத்துப்போவார்கள். கடைசி அசைவு எப்போதும் ஓட்டம்: கதவை நோக்கி, வெளிச்சத்தை நோக்கி, ஆட்கள் இருக்கும் இடத்தை நோக்கி. தற்காப்பு உரிமை, இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பு. ஓடக் கிடைத்த பிறகும் நின்று அடிப்பது அந்த வரம்பைத் தாண்டும்.

சங்கிலிப் பறிப்புக்குத் தனியாக இரண்டு வரி. வண்டிகளை எதிர்கொண்டபடி சாலையின் வலப்பக்கம் நடக்க வேண்டும், கைப்பை சாலைக்கு எதிர்ப்புறத் தோளில். பிடித்து இழுத்துவிட்டால் விட்டுவிடுங்கள். ஓடும் வண்டியோடு இழுபட்டு விழுந்தால் தலையில் அடிபடும். வண்டி எண்ணைப் பார்த்துக்கொண்டு அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.

முதியவர்களுக்குப் போன் மோசடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடியோ அழைப்பில் கைது செய்யும் முறை இந்தியச் சட்டத்தில் கிடையாது. யார் சீருடையில் தெரிந்தாலும் அழைப்பைத் துண்டிக்கலாம். பணம் போய்விட்டால் இணைய நிதி மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே, அதே மணி நேரத்துக்குள், அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு அப்போதுதான் அதிகம்.

இந்த வகுப்பில் யாராவது ஒருவர், “அப்போ எனக்குக் கை காலே அசையல” என்று சொல்வார். ஆபத்தில் உடம்பு உறைந்துபோவது இயல்பான எதிர்வினை, சம்மதத்தின் அடையாளம் ஆகாது. அதைக் குழு முன்னால் தெளிவாகச் சொல்லுங்கள். “ஏன் கத்தல?” என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். உறைந்த உடம்பை எழுப்ப எளிய வழி, மூச்சை வெளியே விடுவதும் கால் விரல்களை அசைப்பதும். பயிற்சியிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். பெண்கள் உதவி எண் 181-ஐயும் பலகையில் எழுதி வையுங்கள்.

ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால்

சொல்லும், அதற்குத் தயாராக இருங்கள். வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில், வேறெங்கோ பார்த்தபடி, “என் ஃப்ரெண்டுக்கு ஒண்ணு நடந்துச்சு” என்று ஆரம்பிக்கும்.

முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். “அப்புறம் என்ன ஆச்சு?” என்பதற்கு மேல் கேள்வி வேண்டாம். “மாமாதானா? இங்கயா தொட்டார்?” என்று நீங்கள் எடுத்துக் கொடுத்தால், பிற்பாடு வழக்கில் அந்த வாக்குமூலம் உங்கள் வாயிலிருந்து வந்ததாக ஆகிவிடும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “உனக்கு உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள். பிள்ளை போனதும், அது சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். சந்தேகத்துக்கு உள்ளானவரைக் கூப்பிட்டு விசாரிப்பதும் பஞ்சாயத்து வைப்பதும் உங்கள் வேலை இல்லை. அவருக்கு எச்சரிக்கை கொடுத்ததாக முடியும்.

தெரிவிப்பது சட்டக் கடமை. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை; தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாமல், கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோருக்கு இந்த விவரம் தெரிந்தாலே “ஸ்டேஷனுக்கு இழுப்பாங்களே” என்ற தயக்கம் குறையும்.

சம்பவம் அண்மையில் நடந்தது என்றால் குளிப்பாட்ட வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம். துணியைக் காகிதப் பையில் வையுங்கள்; பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். மருத்துவமனை உடனே. முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டாலும் பரிசோதனை செய்ய வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். தனியார் மருத்துவமனையும் முதலுதவி, சிகிச்சையைக் கட்டணமின்றித் தந்தாக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் தரும், ஆகவே “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு மாதம் கழித்து

பயிற்சி கரையும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் அரை மணி நேர மறுவகுப்பு வையுங்கள். புதிதாக எதுவும் வேண்டாம், கோட்டில் நிறுத்தி “நில்லுங்க” ஒரு முறை, மாமா உரையாடல் ஒரு முறை, போனில் பேசும் அம்மா ஒரு முறை. இரண்டாம் தள்ளலிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் யார் என்று குறித்து, அவர்களுக்கு மட்டும் இன்னொரு சுற்று. வீட்டில் வாரம் ஒரு நாள் ஐந்து நிமிடம் போதும், வண்டியில் போகும்போது, “கடையில நான் காணாமப் போயிட்டா என்ன பண்ணுவே?” என்று சாதாரணமாகக் கேட்கலாம். தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம், கனவில் வரும். ஐந்து விரல் தாளையும் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் புதிதாக எழுதச் சொல்லுங்கள். டீச்சர் மாறியிருப்பார், எதிர்வீட்டு ஆன்ட்டி வீடு காலி செய்திருப்பார்.